லிட்டருக்கு ஒரு கரண்டி

நவம்பர் 10

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் மாமாவும் என் மாமியாரும் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் இருமுகிறேன் என்று எழுதினாய், அதற்கப்புறம் இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. "இருமல் நின்னுச்சா, இல்ல எழுதுற கையே நின்னுச்சா?" என்று மாமா கேட்கிறார்.

அப்பா விட்டுப்போன மூன்று மாடுகளும் நிறைசினை. டிசம்பர் முதல் வாரத்தில் ஈனும் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்றுக்கும் வயதாகிவிட்டது, இதுதான் கடைசி ஈத்து. இந்த முறை பெண் கன்றாகப் பிறந்து, அவை பிழைத்து வளர்ந்தால்தான் நம் வீட்டு மாடு என்று சொல்லிக்கொள்ள ஏதாவது மிஞ்சும். நீ பஸ் ஏறும்போது சொன்னது எனக்கு மறக்கவில்லை. "இதுங்க போடுற கன்னு வளர்ந்து கன்னு போடட்டும்க்கா, நான் திரும்பி வந்துடுறேன். அப்பாவோட பழைய கொட்டகையைத் திறந்து ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம்" என்றாய். நான் அந்தக் கணக்கில்தான் நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாமியாருக்கு முணுமுணுப்பு ஓயவில்லை. "பொறந்த வீட்டு மாட்டுக்கு இந்த வீட்டுத் தீவனமா? பாலும் கன்னுக்கே போயிட்டா சொசைட்டிக்கு எதை ஊத்துறது?" என்கிறார். அப்பா செய்தது போல ஒரு காம்பைக் கன்றுக்கு விட்டுவிட்டு மீதியைக் கறக்கலாம் என்று நினைக்கிறேன். நீ நூற்றுக்கணக்கில் கன்று வளர்க்கிற பண்ணையில் இருக்கிறாய். என்ன செய்யட்டும் என்று எழுது. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிடு.

அக்கா

நவம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் போன இடம் தெரியவில்லை. எழுதுகிற கையும் நலமாக இருக்கிறது என்று மாமாவிடம் சொல். நூற்றுநாற்பது கன்றுகள் என் பொறுப்பில் இருக்கின்றன, அதனால்தான் எழுத நேரமில்லை.

ஒரு காம்பு விடுகிற கதையெல்லாம் அப்பாவோடு போகட்டும். இங்கே எந்தக் கன்றும் தாய் மடியைத் தொடுவதில்லை. நான் சொல்வதைக் குறித்துக்கொள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போயாக வேண்டும். அதில் மட்டும் சோம்பல் படாதே. மூன்று நாள் சீம்பால் கொடுத்துவிட்டுக் கன்றைத் தாயிடமிருந்து பிரித்துவிடு. ஒரு வாரம் ஆனதும் கன்றுகளுக்கென்றே விற்கிற பால்தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து வாளியில் காட்டு. காலையில் இரண்டு லிட்டர், மாலையில் இரண்டு லிட்டர். ஒரு பிடி கன்றுத் தீவனமும் நல்ல தண்ணீரும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். தாய் கறப்பதை முழுவதும் சொசைட்டிக்கு ஊற்று. உன் மாமியார் வாயும் அடைபடும்.

இதோடு ஒரு நாடா அனுப்பியிருக்கிறேன். தையல்காரர் நாடா மாதிரிதான், ஆனால் அங்குலத்துக்குப் பதிலாகக் கிலோ அச்சடித்திருக்கும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்தால் கன்றின் எடை தெரியும். வாராவாரம் அளந்து எழுது. நன்றாக வளர்கிற கன்று பதினைந்து மாதத்தில் சினைக்கு வரும், இரண்டு வயதில் ஈனும். நீ எழுதுகிற எடையைப் பார்த்துத்தான் நான் எப்போது மூட்டை கட்டுவது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

டிசம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மூன்றும் பெண்! சொசைட்டி எழுத்தர்கூட நம்பவில்லை. "மூணும் பொண்ணா? சொல்லி வெச்சு வாங்கினியாம்மா?" என்று கேட்டார்.

முதல் தேதி பிறந்தவளுக்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டு, அதனால் சுட்டி. மூன்றாம் தேதி பிறந்தவள் கருப்பி. நேற்று முன்தினம் பிறந்தது கையளவுதான் இருக்கிறது, அதற்குப் பொடிசு என்று மாமா பெயர் வைத்தார். மூன்றுக்கும் பிறந்த சூட்டோடு சீம்பால் கொடுத்துவிட்டேன். நாடாவில் முப்பத்தொன்று, இருபத்தொன்பது, இருபத்துநாலு.

பால்தூள் வேண்டாம் என்றுதான் மாமா சொன்னார். "பழகின வழி இருக்கறப்ப எதுக்குப் புதுசு?" என்றார். என் தம்பி அங்கே நூற்றுநாற்பது கன்றைக் கட்டி மேய்க்கிறான், அவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா என்று வாயை அடக்கிவிட்டேன். மாடுகள் பகல் முழுக்கக் கன்றைப் பார்த்துக் கத்துகின்றன. காதில் வாங்காமல் வேலை பார்க்கிறேன்.

தீவனக் கடையில் மூட்டை வாங்கியாகிவிட்டது. கலக்கும் விவரம் மூட்டையின் மேல் அச்சாகியிருக்கிறது, ஆனால் ஈரத்தில் ஊறி எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. கடைக்காரருக்கும் தெரியவில்லை. மூட்டைக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் கரண்டி கிடந்தது. லிட்டருக்கு எத்தனை கரண்டி போடட்டும்? உன் பதில் வரும்வரை தாய்ப்பாலையே கறந்து கொடுக்கிறேன்.

வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிடு.

அக்கா

டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மூன்றும் பெண் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கே பக்கத்துக் கட்டில்காரரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன், நாலாவது முறை அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

லிட்டருக்கு ஒரு கரண்டி. தலைதட்டி ஒரு கரண்டி, அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். கூடினால் கழிச்சல் கண்டுவிடும். இங்கே சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் பாலை நிறுத்திவிடு. இரண்டு நாள் கத்தும், பிறகு தீவனத்தில் வாய் வைத்துவிடும். பால்குடி மறக்கடிக்கும்போது மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். உனக்கு அது வராது என்று தெரியும், அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

பொடிசு எப்படி இருக்கிறது?

தம்பி

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். இங்கே குளிர் அதிகம். உனக்குப் போர்வை போதுமா?

நீ எழுதியபடி லிட்டருக்கு ஒரு கரண்டி, தலைதட்டித்தான் போடுகிறேன். கேட்கிறேனே என்று கோபிக்காதே, பால் ரொம்பத் தண்ணியாகத் தெரிகிறது. வாளியின் அடி தெரிகிறது. குடித்து முடித்த பிறகும் மூன்றும் வாளியை விடுவதில்லை, நக்கிக்கொண்டே இருக்கின்றன. கருப்பி சுவரை நக்கி நக்கிச் சுண்ணாம்பு பெயர்ந்துவிட்டது. பொடிசு என் உடுப்பின் நுனியைப் பிடித்து மெல்லுகிறது, பிடுங்கினால் விரலைப் பிடித்துக்கொள்கிறது. முதுகைத் தடவினால் எலும்பு கணுக்கணுவாகக் கைக்குத் தட்டுப்படுகிறது. வயிறு மட்டும் உப்பியிருக்கிறது.

இன்று அளந்தது முப்பத்துநாலு, முப்பத்தொன்று, இருபத்தைந்து. ஒரு மாதத்துக்கு இது போதுமா? மூன்று நாளாகச் சுட்டி எழுந்திருக்க யோசிக்கிறாள். தீவனத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு கரண்டி சேர்க்கட்டுமா? இல்லை, ஒரு வேளையாவது தாய்ப்பால் கொடுக்கட்டுமா? மாமாவிடம் கேட்கலாம்தான். ஆனால் நான் பேசிய பேச்சுக்கு எந்த முகத்தோடு கேட்பது? நீயே சொல்லிவிடு.

வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிடு.

அக்கா

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. போர்வை இருக்கிறது.

நினைத்தேன், நீ இப்படித்தான் எழுதுவாய் என்று. தூள் பால் தண்ணியாகத்தான் இருக்கும். கத்துகிற கன்றுக்கெல்லாம் பால் ஊற்றினால் இங்கே ஆறே ஓட வேண்டும். அது பசி இல்லை அக்கா, பழக்கம். தாய் நினைப்பு. சின்னதிலிருந்தே உனக்கு எதைப் பார்த்தாலும் பாவம். கோழிக்குக் காய்ச்சல் என்று போர்த்திவிட்டவள்தானே நீ?

கரண்டியைக் கூட்டாதே, தாய்ப்பாலும் கொடுக்காதே. மாற்றி மாற்றிக் கொடுத்தால் வயிறு கெட்டுவிடும். சுட்டிக்கு 15ஆம் தேதியோடு நாற்பத்தைந்து நாள் முடிகிறது, அன்றே நிறுத்திவிடு. பால் நின்றால்தான் தீவனம் தின்னும். கருப்பிக்கு 17, பொடிசுக்கு 20. நான் தினமும் பார்க்கிற வேலை இது. என்னை நம்பு.

மாமாவிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். அவருக்கு என்ன தெரியும்?

தம்பி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் ஜனவரிக் கடிதமும், அதற்குப் பிறகு எடை கேட்டு எழுதியதும் வந்தன. வேலை அதிகம், பதில் எழுத முடியவில்லை.

நீ கேட்டபடி எடை. சுட்டிக்கு ஜனவரி 15இல் 38. அதற்குப் பிறகு வாராவாரம் 42, 46, 50, 54, 58, 62. கருப்பிக்கு 34இல் தொடங்கி 38, 42, 46, 50, 54, 58. பொடிசும் அப்படியே.

எல்லாம் நன்றாக இருக்கின்றன. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். அதில் சாப்பிடு என்கிற வரி இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்த வரி இல்லாமல் நீ எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

எடைக்கு வருகிறேன். பால் நிறுத்திய வாரத்தில் எந்தக் கன்றும் எடை கூடாது. நின்ற இடத்திலேயே நிற்கும், இல்லாவிட்டால் ஒரு கிலோ இறங்கும், பிறகுதான் ஏறும். இங்கே கொட்டகைச் சுவரில் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு கோடு வரைந்திருக்கிறார்கள். எல்லாக் கோடும் அந்த வாரத்தில் ஒரு படி போலத் தட்டையாக இருக்கும். உன் கன்றுகள் மட்டும் வாரத்துக்கு நாலு கிலோ, ஒன்றுபோல் ஏறியிருக்கின்றன. நீ நாடாவைக் கையில் எடுக்காமலே எழுதியிருக்கிறாய். பொய் சொல்லத் தெரியாதவள் எதற்கு இந்த வேலையில் இறங்கினாய்?

என்ன நடந்தது? மறைக்காமல் எழுது.

தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவும் மாமியாரும் சுகம். நான் இருக்கிறேன்.

சுட்டிக்கு ஜனவரி 15ஆம் தேதி பாலை நிறுத்தினேன். கருப்பிக்கு 17. நீ சொன்னதுபோல இரண்டு நாள் கத்தின. மூன்றாம் நாள் கத்தவில்லை. மறந்துவிட்டன என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன் தம்பி. கத்தத் தெம்பில்லை என்று எனக்குத் தெரியவில்லை. கருப்பிக்கு இருமல் கண்டு 22ஆம் தேதி காலையில் போய்விட்டாள். வாயில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. சுட்டி 28ஆம் தேதி. என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, உயிர் போகிறவரை என் விரலைச் சப்பிக்கொண்டே இருந்தாள். தூக்கிப் பார்த்தேன், பிறந்த அன்று இருந்த கனம்கூட இல்லை.

மூன்றாவதைப் பற்றி எழுத இன்று கை வரவில்லை.

உனக்குப் பொய் எழுதியது தப்புதான். அந்தக் கன்றுகளை நம்பித்தானே நீ திரும்பி வருவதாகச் சொன்னாய்? அவை தாளில் மட்டுமாவது வளரட்டும் என்று எழுதிவிட்டேன்.

இங்கே எல்லாரும் என் கையைத்தான் சொல்கிறார்கள். "கன்னைப் பட்டினி போட்டே கொன்னுட்டா" என்று மாமியார் எதிர் வீட்டில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அந்த வீட்டு மாடு போன வாரம் ஈன்றது. சீம்பால் புகட்ட எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், இந்த முறை கூப்பிடவில்லை.

அந்தப் பால்தூள் கரண்டியை இதோடு வைத்து அனுப்புகிறேன். எனக்கு இனி வேண்டாம். கிடைத்ததும் பார்த்துவிட்டு ஒரு வரி எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 31

அக்கா,

கரண்டி இன்று கிடைத்தது. எடுத்துக்கொண்டு தூள் கலக்கும் அறைக்குப் போனேன். இங்கே இருக்கிற கரண்டியை உன் கரண்டியால் நிரப்பிப் பார்த்தேன். ஒரு முறை போட்டால் பாதிதான் வருகிறது. இரண்டு முறை போட்டால்தான் நிறைகிறது. மூன்று தடவை செய்து பார்த்தேன். தூள் கலக்குகிறவர் "என்னப்பா, வெளையாட்டா?" என்று கேட்டார்.

சுவரில் லிட்டருக்கு ஒரு கரண்டி என்றுதான் எழுதியிருக்கிறது, ஆனால் அது இந்தக் கரண்டி. கரண்டிகள் வேறு வேறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ இரண்டு தடவை கேட்டாய். வாளியின் அடி தெரிகிறது என்றாய். இங்கே வாளியில் அடி தெரியாது அக்கா. அந்த வரியைப் படித்தபோதே உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. தூள் கலக்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பொறுப்பில் இருப்பது நூற்றுநாற்பது கன்றுகள் இல்லை, நூற்றுநாற்பது வாளிகள். நான் வாளி கழுவுகிறவன். ஒரு கன்றுக்குக்கூட நான் பால் காட்டியதில்லை. நாற்பத்தைந்து நாள் என்பது யாரோ பேசியது காதில் விழுந்தது. இன்று கேட்டேன். இங்கே நாளைப் பார்த்து நிறுத்துவதே இல்லையாம். தொட்டியைப் பார்க்கிறார்கள். கன்று தொடர்ந்து மூன்று நாள் ஒரு கிலோ தீவனம் தின்றால்தான் பாலைக் குறைக்கத் தொடங்குகிறார்கள், அதுவும் ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக. தீவனமே தொடாத கன்றுக்கு நான் பாலை நிறுத்தச் சொன்னேன்.

உன் கையில் ஒன்றும் இல்லை அக்கா. கன்றுகளைக் கொன்றது நான். இதை மாமாவிடமும் உன் மாமியாரிடமும் படித்துக் காட்டு. எதிர் வீட்டிலும்

(இந்தக் கடிதம் இத்தோடு நிற்கிறது. தபாலில் சேர்க்கப்படவில்லை.)

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே ஆள் பற்றாக்குறை.

கன்றுகளின் செய்தி கேட்டு மிகவும் வருந்தினேன். கிருமியாக இருக்கலாம். இந்த வருடம் குளிரும் அதிகம். இங்கேயும் சில கன்றுகள் போயின. இதில் உன் தப்பு எதுவும் இல்லை. யார் தப்பும் இல்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே. கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள்.

மூன்றும் போய்விட்ட பிறகு இனி என்ன செய்வது என்று யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இனி வேறு மாடு வாங்கி அது ஈன்றால் தூள் பாலே வேண்டாம். நீ சொன்னதுபோலத் தாய்ப்பாலையே கொடுத்துவிடு.

கரண்டி கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் நலத்துக்கு எழுது.

உன் மே மாதக் கடிதத்துக்கு அடுத்தபடியாக இன்னொன்று வரும் என்று ஒன்றரை மாதம் பார்த்தேன். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு வந்தேன். வரவில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

சுட்டி போன அன்று காலையில் மாட்டு டாக்டர் வந்தார். மிச்சம் இருந்த பாலில் விரலை விட்டுப் பார்த்தார். "இது பாலாம்மா? வாளி கழுவின தண்ணியா? எத்தனை கரண்டி போடுற?" என்று கேட்டார். ஒன்று என்றேன். கரண்டியை வாங்கிக்கொண்டு என்னையும் சொசைட்டிக்குக் கூட்டிப்போய், பால் ஊற்ற வந்தவர்கள் எல்லாரும் பார்க்கத் தலைதட்டி ஒரு கரண்டித் தூளைத் தராசில் வைத்தார். அறுபது கிராம். லிட்டருக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டுமாம். "ஒரு மாசத்துக்கு மேல அரைப் பட்டினி போட்டிருக்கியே, உனக்கு யாரு சொன்னது ஒரு கரண்டின்னு?" என்று சத்தம் போட்டார். மாமா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், நான் உன்னைக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டேன் என்று.

அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன்: "தம்பி ரெண்டுன்னுதான் எழுதியிருந்தான். நான்தான் ஒண்ணுன்னு தப்பாப் படிச்சிட்டேன்."

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் படிக்கத் தெரியாதவள். மாமா மாத்திரை அட்டையைக்கூட என்னிடம் கொடுப்பதில்லை, எதிர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டு வருகிறார். நான் கோபப்படவில்லை. பிறந்த வீட்டுப் பெயர் கெட வேண்டாம், தூரத்தில் இருக்கிற பிள்ளை மனசு உடைந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. ஆனால் உனக்கும் எனக்கும் நடுவிலாவது அது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்குத்தான் அந்தக் கரண்டியை அனுப்பினேன். நீ கையில் எடுத்த உடனே உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு வரி போதும் என்று இருந்தேன். நீ யார் தப்பும் இல்லை என்று எழுதினாய். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எழுதினாய்.

தப்புச் செய்ததற்கு எனக்கு உன்மேல் கோபம் இல்லை. தெரியாமல்தான் சொன்னாய். கரண்டியைப் பார்த்த பிறகும் என்னை அந்தப் பெயரோடு விட்டுவிட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் டிசம்பர் மாதக் கடிதம் துணிப் பெட்டியின் அடியில் இருக்கிறது. யாருக்கும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

மூன்றும் போய்விட்டதாக நீயாக எழுதியிருந்தாய். பொடிசு இருக்கிறது. ஜனவரி 20ஆம் தேதி அதற்குப் பாலை நிறுத்தச் சொல்லியிருந்தாய். எனக்கு மனசு வரவில்லை, உன் பேச்சை மீறினேன். நான் மீறியது அந்த ஒன்றுதான், பிழைத்ததும் அந்த ஒன்றுதான். தராசில் வைத்த அன்று மாலையிலிருந்து, டாக்டர் சொன்னபடி சிறிது சிறிதாகக் கூட்டி இரண்டு கரண்டிக்கு வந்தேன்; கரண்டியை உனக்கு அனுப்பிய பிறகு அதே அளவை டம்ளரில் குறித்துவைத்துப் போட்டேன். வாளியில் அடி தெரியாமல் முதல் தடவை பால் கலந்தபோது அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஏப்ரல் முதல் வாரம் மூன்று நாள் தொடர்ந்து ஒரு கிலோ தீவனத்தைக் காலி பண்ணியது. பிறகு ஒரு வாரமாகக் குறைத்துக் குறைத்துப் பாலை நிறுத்தினேன்.

எடை எழுதுகிறேன். இதை நாடாவால்தான் அளந்தேன். ஜனவரி 28இல் இருபத்தைந்து. பிப்ரவரி கடைசியில் முப்பத்தெட்டு. மார்ச் கடைசியில் ஐம்பத்தைந்து. பாலை நிறுத்திய வாரத்தில் அறுபத்தொன்று, அடுத்த வாரமும் அறுபத்தொன்று. நீ எழுதினாயே, ஒரு படி போல நிற்கும் என்று, அப்படியே நின்றது. அந்த ஒன்றை மட்டும் நீ சரியாகச் சொன்னாய். நேற்று நூற்றிரண்டு. எனக்குப் பின்னாலேயே நடக்கிறது. கையில் வாளி இருந்தால் முட்டித் தள்ளுகிறது.

அது அப்பாவின் மாட்டுக் கன்று, உனக்கும் அதில் பங்கு உண்டு. அது ஈன்றதும் உனக்கு எழுதுவேன். வந்து பார்த்துவிட்டுப் போ. ஆனால் பழைய கொட்டகையைத் திறக்கலாம் என்று மட்டும் இனி எழுதாதே. பிறக்கப்போகும் கன்றுக்கு நீ என் பக்கத்தில் நின்று பால் கலக்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

குளிர்காலத்துக்குள் இன்னொரு போர்வை வாங்கிக்கொள். வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிடு. அரை வயிற்றோடு கிடக்கிற உயிர் மூன்றாம் நாள் கத்துவதை நிறுத்திவிடும் தம்பி, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

அக்கா